விசில் ஊதியவர்கள் வென்றார்களா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி, 10 செப்டம்பர் 2025

தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்‌ஷின் ஷினவாத்ரா ஓராண்டுச் சிறைத்தண்டனையை அனுபவித்தே ஆகவேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நேற்று உத்தரவிட்டது. அவரும் சிறைக்குப் போய்விட்டார். 2006-இல் மஞ்சள் சட்டையோடும் 2013-இல் விசிலோடும் அவரை எதிர்த்துப் பாங்காக் தெருக்களில் நின்ற படித்தவர்களைப் பார்த்து அன்று பலர் சிரித்தார்கள். இன்று யார் சொன்னது சரியாயிற்று? கோவையிலும் திருப்பூரிலும் அப்படி ஒரு கூட்டம் தெருவுக்கு வந்தால்தான் இலவசத்தைக் காட்டி ஓட்டு வாங்கும் ஊழல் அரசியல் ஒழியும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

10 செப்டம்பர், இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதியை மட்டும். 'பாங்காக் முடக்கம்' என்று பெயர் வைத்து 2014 ஜனவரி 13 அன்று நகரின் முக்கியச் சந்திப்புகளை அவர்கள் அடைத்த வாரத்தில் நான் அங்கே இருந்தேன். அரசியல் பார்க்கப் போகவில்லை. குழந்தைகள் உடுப்புக்கு லேஸும் பட்டனும் வாங்கச் சம்பெங் சந்துக்குப் போயிருந்தேன். தங்கியது அசோக் சந்திப்புக்குப் பக்கத்தில். விமான நிலையத்திலிருந்து வந்த கார்க்காரர் பாதி வழியில் இறக்கிவிட, பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே நடந்து போனேன்.

பயந்துபோனேன் என்று சொன்னால் பொய். நம் பக்கத்து மாரியம்மன் நோம்பி மாதிரி இருந்தது. பந்தல், ஒலிபெருக்கி, எல்லோருக்கும் சாப்பாடு, கால் வலித்தவர்களுக்குப் பிடித்துவிடக்கூட ஆள். அலுவலகம் விட்ட பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையும், அதன்மேல் மூவண்ண நாடாவில் கோத்த விசிலுமாக வந்து அரை மணி நேரம் ஊதிவிட்டு ரயிலேறிப் போனார்கள். டி-சர்ட் கடை வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது, தொழில் புத்தி. விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். 140 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணி, பாலியஸ்டர் கலப்பு, கழுத்து ரிப்பில் லைக்ரா கிடையாது, இரண்டு சலவையில் வாய் பிளந்துவிடும். திருப்பூரில் அன்று 70 ரூபாய்க்குள் முடித்துக் கொடுக்கக்கூடிய அந்தச் சரக்கை 200 பாட்டுக்கு, அதாவது 370 ரூபாய்க்குக் கிட்ட, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பேரம் பேசாத போராட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் ஏறிய வாடகைக் காரின் ஓட்டுநர் வடகிழக்கில் உதோன் தானிக்காரர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஒரே அளவு என்பதால் பேச்சு நன்றாகவே நடந்தது. தக்‌ஷின் ஆட்சியில் வந்த 30 பாட் மருத்துவத் திட்டத்தில் தன் அம்மாவுக்குக் கண் அறுவை செய்ததாகச் சொன்னார். மேடை இருந்த பக்கம் கையைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "குவாய், குவாய்" என்று சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சற்றுத் தயங்கி, எருமை என்று பொருள் சொன்னார். தக்‌ஷினுக்கு ஓட்டுப் போட்ட கிராமத்தாரை மேடையில் அப்படித்தான் ஏசுவார்களாம்.

11 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதைப் படித்தால் தக்‌ஷினுக்கு வக்காலத்து வாங்கியதுபோல் இருக்கிறது. அது என் நோக்கமில்லை. குற்றச்சாட்டு காற்றில் பறந்து வந்ததில்லை. 2006 ஜனவரியில் அவருடைய குடும்பம் ஷின் நிறுவனப் பங்குகளை சிங்கப்பூர் அரசின் தெமாசெக்கிற்கு ஏறத்தாழ 7,300 கோடி பாட்டுக்கு விற்றது. வரியாக ஒரு பாட்கூடக் கட்டவில்லை. பங்குச் சந்தை வழியாகத் தனிநபர் விற்றால் வரியில்லை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் வெளிநாட்டில் பதிவான ஒரு நிறுவனத்திடமிருந்து பிள்ளைகள் பங்கு ஒன்றை 1 பாட்டுக்கு வாங்கி, சில நாட்களுக்குள் 49.25 பாட்டுக்குக் கைமாற்றினார்கள். ஜிஎஸ்டி கணக்கில் நூறு ரூபாய் தவறினால் நோட்டீஸ் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியாதா? எரியும். 2006-இன் மஞ்சள் சட்டைகளுக்கு எரிந்தது அந்த வயிறுதான். பின்னர், 2010-இல், உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் முடக்கப்பட்ட சொத்தில் 4,600 கோடி பாட்டுக்கு மேல் பறிமுதல் செய்தது.

ஆகவே அவர் மடியில் கனமிருந்ததா என்பது என் கேள்வியில்லை. தெருவில் நின்றவர்கள் எதைக் கேட்டார்கள், எந்த நாளில் அந்தக் கோரிக்கை மாறியது என்பதுதான் என் கேள்வி.

11 செப்டம்பர், மாலை

இடையில் ஒரு சிரிப்பு. 2006 செப்டம்பர் 19-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2007 இறுதியில் தேர்தல் வைத்தால் மறுபடியும் தக்‌ஷின் ஆட்களே வென்றார்கள். பிரதமரான சமக் சுந்தரவேஜ் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிக்குச் சம்பளம் வாங்கினார் என்று சொல்லி 2008-இல் அரசமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மஞ்சள் சட்டைகள் பல மாதமாகத் தெருவில் கிடந்து கவிழ்க்க முடியாத மனிதரைக் குழம்பு கவிழ்த்துவிட்டது.

12 செப்டம்பர்

திருத்தம். கூட்டம் முழுவதும் பாங்காக் அலுவலகக்காரர்கள் என்ற தோற்றம் என் முதல் குறிப்பில் வந்துவிட்டது. பெருந்துறை நண்பர் பிடித்துக்கொண்டார், அவர் பிடித்தது சரியே. நான் பார்த்தது மாலைக் கூட்டத்தை. இரவில் கூடாரத்தில் படுத்தவர்களில் பெரும்பகுதியினர் தெற்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். தலைவர் சுதெப் தாக்சுபன் தெற்கே சூரத் தானிக்காரர். ரப்பர் தோட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள். பாய் விரித்துப் படுத்த அந்த ஆட்களைக் காலையில் என் கண்ணாலேயே பார்த்தேன், ஆனாலும் எழுதும்போது நினைவுக்கு வந்தது விசில் ஊதிய பெண்கள்தான். நம்மைப் போன்றவர்களைத்தான் நம் கண் முதலில் எண்ணுகிறது போலும்.

அவர்கள் பட்ட அடியையும் சொல்லாமல் விட்டேன். போராட்டத்தின்மீது துப்பாக்கிச்சூடும் குண்டுவீச்சும் நடந்தன. 2014 பிப்ரவரியில் குழந்தைகளும் இறந்தார்கள். நோம்பி என்று நான் எழுதியது ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் பொருந்தும்.

13 செப்டம்பர்

நான் கேட்ட 'எந்த நாளில் மாறியது' என்பதற்கு வருகிறேன். 2013 நவம்பர் 1, விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு, தக்‌ஷினின் தங்கை யிங்லக்கின் ஆட்சியில், பொதுமன்னிப்பு மசோதா கீழவையில் நிறைவேறியது. வெளிநாட்டில் இருந்த அண்ணனை வழக்கிலிருந்து விடுவித்து ஊருக்கு அழைத்துவர அது வழி செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2010 போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியபோது தொண்ணூறு பேருக்கு மேல் இறந்த விவகாரத்தில் சுடச் சொன்னவர்களுக்கும் சேர்த்தே மன்னிப்பு என்பதால் தக்‌ஷின் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டைக்காரர்களிலும் பலர் எதிர்த்தார்கள். அலுவலகங்கள் நிறைந்த சீலோம் வீதியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி வந்து விசில் ஊதியவர்கள் ஊதியது சரி. நான் அங்கே வேலை பார்த்திருந்தால் நானும் ஊதியிருப்பேன்.

நவம்பர் 11-இல் மேலவை அந்த மசோதாவை நிராகரித்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. வெற்றி என்று ஒன்று இருந்தால் அது அன்றுதான், வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அதன்பின் கேட்டது என்னவென்றால், தேர்தலுக்கு முன் சீர்திருத்தம், அதைச் செய்ய மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு 'மக்கள் மன்றம்'. யிங்லக் நாடாளுமன்றத்தைக் கலைத்து 2014 பிப்ரவரி 2-இல் தேர்தல் அறிவித்தபோது, வாக்குச்சாவடிகளை மறித்து, ஓட்டுப் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். திருடனைப் பிடி என்று நவம்பரில் கேட்ட கூச்சல், பிப்ரவரியில் அவனுக்கு ஓட்டுப் போட்டவனின் விரலில் மை வைக்காதே என்று ஆகிவிட்டது. இந்த இரண்டையும் ஒரே போராட்டம் என்று எண்ணிக் கேட்பதால்தான் 'அவர்கள் சரியா தவறா' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வருவதில்லை.

14 செப்டம்பர்

"மணிலாவில் நாலே நாளில் முடித்தார்களே, அது தேர்தலை மறித்ததா?" என்று ஈரோட்டிலிருந்து ஒருவர். மறிக்கவில்லை. நடிகராக இருந்து, ஏழைகளின் ஆள் என்று சொல்லி 1998-இல் பிலிப்பைன்ஸ் அதிபரான ஜோசப் எஸ்ட்ராடா, 'ஹுவெதெங்' என்ற கள்ள லாட்டரியிலிருந்து மாமூல் வாங்கினார் என்று கூட இருந்த மாகாண ஆளுநரே 2000-இல் சொல்ல, செனட்டில் பதவிநீக்க விசாரணை நடந்தது. வங்கிக் கணக்கு விவரம் இருந்த உறையைப் பிரிக்க வேண்டாம் என்று 2001 ஜனவரி 16 இரவு 11 பேர் ஓட்டளித்தார்கள். பிரிக்கச் சொன்னவர்கள் 10 பேர். அன்றிரவே கைப்பேசிக் குறுஞ்செய்தி பறந்து எட்சா வீதி நிறைந்தது. 19-ஆம் தேதி ராணுவம் கைவிட்டது, 20-இல் துணை அதிபர் அரோயோ பதவியேற்றார். விசாரணையின் கதவை உள்ளிருந்து தாழிட்டார்கள் என்பதால் தெருவுக்கு வந்தார்கள். பாங்காக்கைவிட நியாயம் அதிகம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நண்பர் கதையை ஜனவரியில் நிறுத்திவிட்டார். ஏப்ரல் 25-இல் எஸ்ட்ராடாவைக் கைது செய்ததும் அதே எட்சாவில் வேறொரு கூட்டம் கூடியது. குடிசைப் பகுதிக்காரர்கள். ஜனவரியில் நின்றவர்கள் இவர்களைக் கூலிக்கு வந்தவர்கள், குளிக்காதவர்கள் என்று கேலி செய்தார்கள். மே 1-இல் இந்தக் கூட்டம் அதிபர் மாளிகையை முற்றுகையிடப் போய், மோதலில் உயிர்களும் போயின. எஸ்ட்ராடாவுக்கு 2007-இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அடுத்த மாதமே அரோயோ மன்னிப்பு வழங்கினார். எஸ்ட்ராடா 2010 அதிபர் தேர்தலில் இரண்டாம் இடம் பிடித்து, 2013-இல் மணிலா மேயரும் ஆனார். அரோயோவோ, 2004 வாக்கு எண்ணிக்கை நடந்தபோது தேர்தல் ஆணையர் ஒருவருடன் தொலைபேசியில் பேசியது வெளியாகி, 2005-இல் மன்னிப்புக் கேட்டார். நாலு நாளில் முடிந்த கதைக்கு இவ்வளவு பின்கதை.

15 செப்டம்பர், நள்ளிரவு

அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து இங்கே ஆர்டர் நின்றுபோய்க் கிடக்கிறது. இரவு ஷிப்ட் இல்லை. ஆகவே எழுத நேரம் இருக்கிறது. "மற்றவர் நாட்டுக் கதை போதும், நீங்கள் எப்போதாவது தெருவில் நின்றதுண்டா?" என்று கேட்டிருந்தார்கள். நின்றேன். 2011 ஆகஸ்ட், டெல்லி ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்த நாட்களில், திருப்பூரில் மெழுகுவர்த்தி ஊர்வலம் போனோம். தொப்பிகூட வைத்திருந்தேன். காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்ததால், பக்கத்தில் வந்த ஆடிட்டரின் மெழுகுவர்த்தியில் நான் பற்றவைப்பதும் என்னுடையதில் அவர் பற்றவைப்பதுமாக நடந்தோம். மனசுக்கு அப்படி ஒரு நிறைவு.

அடுத்த நாள் காலை, எங்கள் கம்பெனியில் கைமடியாக வேலை பார்த்த அம்மிணி ஒருவர், துணியை மடித்து அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஏனுங்கண்ணா, லஞ்சத்துக்கு எதிரா ஊர்வலம் போனீங்களாமா? நல்லதுங்க. எங்க பி.எஃப். எப்பங்க கட்டுவீங்க?"

பதில் சொல்லவில்லை. அப்போது எங்களிடம் இருந்த நாற்பது பேரில் பதினெட்டுப் பேர்தான் பதிவேட்டில் இருந்தார்கள்; இருபதைத் தொட்டால் பி.எஃப். கட்ட வேண்டும். சோதனைக்கு வருபவருக்கு ஆண்டுக்கு இருமுறை கவர் போகும். கொடுத்தது நான், மெழுகுவர்த்தி பிடித்ததும் நான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே 2011 ஜனவரியில், நொய்யலைக் கெடுத்ததற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழான விவசாயிகளுக்காக எங்களில் எவரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. பட்டறையை எப்போது திறப்பார்கள் என்பதே பேச்சாக இருந்தது.

16 செப்டம்பர்

"அப்படியானால் கை சுத்தமில்லாதவன் ஊழலை எதிர்க்கவே கூடாதா?" கேள்வி நியாயமானது. எதிர்க்கலாம். அப்படி ஒரு விதி வைத்தால் தெருவில் நிற்க ஆளே கிடைக்கமாட்டார்கள். நான் சொல்லவந்தது வேறு. தன் கை கறையை மறந்தவன்தான், எதிரில் இருப்பவன் ஓட்டை விற்றுவிட்டான் என்று சுலபமாகச் சொல்கிறான். எங்களுக்கு டியூட்டி டிராபேக், அதாவது ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரிப்பணம், வந்தால் அதன் பெயர் ஊக்கத்தொகை. அம்மிணி வீட்டுக்கு அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் வந்தால் அதன் பெயர் இலவசம். இரண்டும் வருவது ஒரே கஜானாவிலிருந்து இல்லாவிட்டாலும் ஒரே வகைப் பணத்திலிருந்துதான்.

18 செப்டம்பர்

இந்த எருமைக் கதையை மாமனாரிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தைந்து வயது, அவிநாசிப் பக்கம் பூமி. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்தில் இருந்தவர். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்த சமயம் அவருக்கு இருபது வயது. 1972-இல் மாட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு கோவைக்குள் நுழைந்து நகரை அடைத்தபோது அவர் வண்டியும் அதில் இருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். "கோயமுத்தூருக் கடைவீதில எங்களையும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னாங்க மாப்பிள்ளை. வண்டிய எடுங்கடா எருமைகளான்னு. மாடு கட்டீருந்துச்சுங்கறதுகூட அவுங்களுக்குத் தெரியலை."

அன்றைக்கு நகரத்தார் கண்ணில் அது ரவுடித்தனம். 1990-இல் விவசாயப் பம்புசெட் எல்லாவற்றுக்கும் இலவச மின்சாரம் வந்ததும் அதையே வாக்குவங்கி என்றார்கள். மாமனார் இன்றும் அந்த மின்சாரத்தில்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். ரேஷன் கடை இலவசங்களைத் திட்டவும் செய்கிறார். இதைச் சுட்டிக்காட்டினேன். காபி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

20 செப்டம்பர்

மாட்டுவண்டியை எழுதியபின் ஒன்று நினைவுக்கு வந்து, என் முந்தைய குறிப்புகளின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவற்றில் கிராமத்தான் ஒரு பக்கம், நகரத்தான் ஒரு பக்கம் என்று கோடு போட்டுவிட்டேன். யிங்லக் அரசு நெல்லை டன்னுக்கு 15,000 பாட் என்று சந்தை விலைக்கு வெகு மேலே கொள்முதல் செய்யும் திட்டம் வைத்திருந்தது. முறைகேடு நடந்தது, கிடங்கில் நெல் தேங்கியது, 2013 இறுதியில் விவசாயிக்குப் பணம் நின்றது. 2014 பிப்ரவரியில் அந்த விவசாயிகளே டிராக்டர்களில் தலைநகரை நோக்கிக் கிளம்பினார்கள், பணம் தருகிறோம் என்ற வாக்குறுதியை நம்பிப் பாதி வழியில் திரும்பினார்கள். அதே பிப்ரவரியில், அரசு சேமிப்பு வங்கி இந்த நெல் பாக்கிக்காகக் கடன் கொடுத்தது என்று கேள்விப்பட்ட நகரத்தார், ஒரே நாளில் சுமார் 3,000 கோடி பாட்டை எடுத்துவிட்டார்கள். வங்கித் தலைவர் பதவி விலகினார்.

இதை நினைத்தால் எனக்கு இரு பக்கமும் கோபம் வருகிறது. விவசாயியின் பெயரைச் சொல்லி நெல்லில் சம்பாதித்தவர்கள் ஒரு பக்கம். அவனுக்குச் சேரவேண்டிய பாக்கியையும் ஊழலோடு சேர்த்து அடைத்தவர்கள் மறுபக்கம். பருத்தி போட்டுவிட்டு மில்காரரிடம் பணத்துக்கு நடந்தவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அந்த நடை எப்படிப்பட்டது என்று தெரியும். டிராக்டர்காரர்கள் தக்‌ஷினுக்கு எதிரியும் இல்லை, விசில்காரர்களுக்கு நண்பர்களும் இல்லை. நான் போட்ட கோட்டில் அவர்களுக்கு இடமில்லை. கோட்டை அழிக்கவில்லை, கோணலானது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

22 செப்டம்பர்

கடைசியாக, கேள்வி கேட்டவருக்கு நேர் பதில். 2014 மே 22-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. விசில்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஜெனரல் பிரயுத் ஒன்பது ஆண்டு பிரதமராக இருந்தார். ராணுவம் நியமித்த 250 செனட்டர்கள் பிரதமர் தேர்வில் ஓட்டளிக்கும்படி அரசமைப்பு எழுதப்பட்டது. 2023 தேர்தலில் பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32-ஐ வென்றது ராணுவத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும் என்று கேட்ட 'முன்னேறுவோம்' கட்சி. விசில் ஊதிய அதே நகரம். அசோக்கில் நான் பார்த்த பெண்களில் எத்தனை பேர், அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஓட்டில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அக்கட்சித் தலைவரைப் பிரதமராக விடாமல் தடுத்தது, அன்று அவர்கள் கேட்ட வகையிலான, யாரும் தேர்ந்தெடுக்காத அந்த 250 பேர் அவை. தேர்ந்தெடுக்காத மன்றம் கேட்டார்கள், கிடைத்தது, அது அவர்கள் ஓட்டையே செல்லாததாக்கியது.

தக்‌ஷினோ 2023 ஆகஸ்ட் 22-இல் நாடு திரும்பினார். அன்றே அவர் கட்சியின் வேட்பாளர், ராணுவச் சார்புக் கட்சிகளின் ஆதரவோடு பிரதமராகத் தேர்வானார். எட்டாண்டுத் தண்டனை அரசரின் கருணையால் ஓராண்டாகி, அதிலும் ஆறு மாதத்தை மருத்துவமனையிலேயே கழித்துவிட்டுப் பரோலில் வெளியே வந்தார். அந்த மருத்துவமனை வாசம் கணக்கில் சேராது என்பதுதான் இம்மாதத் தீர்ப்பு. இதில் விசில்காரர்களின் வெற்றி எங்கே இருக்கிறது என்று பன்னிரண்டு நாளாகத் தேடிப் பார்த்தேன். 2013 நவம்பர் 11-ஐத் தவிர வேறு தேதி கிடைக்கவில்லை.

23 செப்டம்பர்

'இப்போதாவது பி.எஃப். கட்டுகிறீர்களா?' என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டுவிட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், கட்டுகிறேன், 2012 ஏப்ரல் முதல், எல்லோருக்கும். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளுக்குக் கட்டவில்லை. அந்த அம்மிணி 2016-இல் காங்கயம் ரோட்டில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கணக்கு முடிக்க வந்த அன்று அந்த ஆறு ஆண்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.